விசில் உங்கள் கைக்கு வந்துவிட்டால்: சிறுவர் வலைப்பந்தாட்டத்துக்கு முதன்முறை நடுவராக நிற்பவர்களுக்கு

மெல்பேர்னில் பிள்ளையை வலைப்பந்தாட்டக் கழகம் ஒன்றில் சேர்த்துவிட்டால், சில வாரங்களுக்குள் அந்தக் கேள்வி வந்தே தீரும்: “இந்தச் சனிக்கிழமை நம்முடைய அணிக்கு நடுவர் இல்லை, யாராவது நிற்பீர்களா?” கேட்ட மாத்திரத்தில் பெற்றோர் அத்தனை பேருக்கும் தொலைபேசியில் அவசர வேலை வந்துவிடும். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் ஆடியவள் என்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது வாயை விட்டிருந்தேன். விசில் என் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆடியவளுக்கு விதி தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்திருந்தது நான் போட்ட பிப்பின், அதாவது ஆடும் இடத்தின் எழுத்துப் போட்ட மேலங்கியின், விதி மட்டும். நான் டபிள்யூடி (விங் டிஃபென்ஸ்), அதாவது கோல் கம்பத்தின் முன்னுள்ள கோல் வட்டத்துக்குள் கால் வைக்க அனுமதி இல்லாதவள். வட்டத்துக்குள் நடந்ததையெல்லாம் பள்ளிக்காலம் முழுக்கக் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தேனே தவிர, அங்கே எது தவறு, அதற்கு என்ன தண்டனை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஆகவே ஆடாதவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் ஆட்டம் என்று மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் காகித வேலை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நெட்பால் ஆஸ்திரேலியாவின் ஆரம்பநிலை நடுவர் பாடம் இணையத்தில் இருக்கிறது. ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். விதிப்புத்தகம் 2024 தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டது. வீட்டில் பழைய பிரதி கிடந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், உங்கள் உள்ளூர்ச் சங்கம் ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தரும் ஒற்றைப் பக்க விதித்தாள். ஒரு கால்பகுதி எத்தனை நிமிடம், பந்தை எத்தனை விநாடி வைத்திருக்கலாம், காப்பவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் சின்னவர்களுக்கு மாறும். பெரியவர்களுக்குக் கம்பத்தின் உயரம் 3.05 மீட்டர். சின்னவர்களுக்கு அதை 2.4 மீட்டருக்கு இறக்கி, 4ஆம் அளவுப் பந்தைக் கொடுப்பார்கள். அந்தத் தாளைப் படம் எடுத்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விக்டோரியாவில் 18 வயது தாண்டியவர்கள் பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அனுமதி அட்டையையும் கழகம் கேட்கலாம். தன்னார்வலருக்கு அதற்குக் கட்டணம் இல்லை.

விசில் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கழகப் பையில் கிடக்கும் பிளாஸ்டிக் விசில் காற்றடிக்கும் மைதானத்தில் பக்கத்து ஆடுகளத்து விசிலோடு கலந்து காணாமல் போய்விடும். பக்கத்துப் பக்கத்தில் பத்து ஆட்டம் நடக்கும் இடம் அது. விரலில் மாட்டும் வகையில் உலோக விசில் ஒன்று வாங்குங்கள். வாங்கிய பிறகு வீட்டுக்கு வெளியே நின்று பழகுங்கள். வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளி, நாக்கு நுனியால் ‘த்து’ என்று வெட்டி நிறுத்த வேண்டும். பயந்து ஊதும் விசில் யாருக்கும் கேட்காது. கேட்காவிட்டால் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் அவர்கள் பின்னால் கையை ஆட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

உடை, அணிகளின் நிறத்தோடு சேராத ஏதாவது. இங்கே வெள்ளை வழக்கம்.

ஆட்டம் தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்னால்

கூட நிற்கப்போகும் மற்ற நடுவரைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் அது 15 வயதுப் பெண்பிள்ளையாக இருக்கும், உங்களைவிட நன்றாக விதி தெரிந்தவளாகவும் இருப்பாள். வெட்கப்படாமல் “எனக்கு இது முதல் ஆட்டம்” என்று சொல்லிவிடுங்கள்.

இருவரும் சேர்ந்து பிள்ளைகளின் கைகளைப் பாருங்கள். நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. தோடு, வளையல், மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். நோய் விவரம் எழுதிய வளையலாக இருந்தால் அதைப் பட்டியால் சுற்றி ஒட்டினால் போதும். நம்மவர் பிள்ளைகளிடம் இது கொஞ்சம் சிக்கல்தான். காது குத்திய புதிதில் தோட்டைக் கழற்றினால் ஓட்டை மூடிவிடும் என்று அம்மா சொல்வார், கையில் கோயிலில் கட்டிய நூல் இருக்கும். இதையெல்லாம் ஆட்டத்துக்கு 2 நிமிடம் இருக்கும்போது பேச முடியாது. முந்திய வாரமே அணியின் வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவைத்தால் மைதானத்தில் கண்ணீர் இல்லை.

அணித்தலைவர்கள் நாணயம் சுண்டுவார்கள். வென்றவர் முதல் சென்டர் பாஸ் (நடுவிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் எறி) அல்லது எந்தக் கம்பத்தை நோக்கி ஆடுவது என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கே நிற்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஞாபகம் வைத்திருப்பேன் என்றால், இதை வையுங்கள். புதியவர்கள் செய்யும் தவறான தீர்ப்புகளில் பெரும்பாலானவை விதி தெரியாமல் வருவதில்லை. தப்பான இடத்தில் நின்று பார்த்ததால் வருகின்றன.

ஆடுகளம் 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம். குறுக்கே இரண்டு கோடு போட்டு மூன்று சம பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். நடுவர் இருவர், ஆளுக்கு ஒரு பக்கக் கோடு. உங்கள் பக்கக் கோட்டில் ஆடுகளத்தைப் பார்த்து நின்றால், வலக்கைப் பக்கம் இருக்கும் பாதி உங்களுடையது. எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் இதே கணக்குத்தான் என்பதால் மற்றப் பாதி அவருக்கு வந்துவிடும். உங்கள் பாதியின் கோல் கோட்டையும், உங்கள் பக்கக் கோட்டை முழு நீளத்துக்கும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். பந்து அதைத் தாண்டி வெளியே போனால், எந்தப் பாதியில் போனாலும், உள்ளே எறிவது யார் என்று சொல்வது நீங்கள்.

பந்து மற்றவரின் பாதியில் இருக்கும்போது நடுப்பகுதிவரை வந்து நில்லுங்கள். உங்கள் பக்கம் திரும்பியதும் பந்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஓடுங்கள். பந்துக்குப் பின்னால் ஓடினால் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். பந்து கோல் வட்டத்தை நெருங்கும்போது பக்கக் கோட்டை விட்டு மூலையைச் சுற்றிக் கோல் கோட்டுக்குப் பின்னால் போய்விடுங்கள். அங்கிருந்து பார்த்தால், பக்கக் கோட்டில் நின்றபோது ஒரே கும்பலாகத் தெரிந்த நான்கு பிள்ளைகளுக்கு நடுவில் வெளிச்சம் தெரியும். யார் யாரைத் தள்ளுகிறார் என்று ஊகிக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று வாரமும் நான் மூலைக்குப் போகவே இல்லை. பக்கக் கோட்டில் ஒட்டவைத்ததுபோல் நின்றுகொண்டு, வட்டத்துக்குள் நடந்ததையெல்லாம் சந்தேகத்தின் பலனில் விட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் ஒரு மூத்த நடுவர் வந்து விதி பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. “அடுத்த வாரம் ஓட்டச் சப்பாத்து போட்டுக்கொண்டு வா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் போட்டிருந்தது தோல் சப்பாத்து.

எதைப் பார்ப்பது

பந்து கைக்கு வரும் கணத்தில் பிடிப்பவரின் காலைப் பாருங்கள். பிடித்ததும் காப்பவரின் காலையும் கையையும் பாருங்கள். அப்புறம் பந்து போகப்போகும் இடத்தைப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. பார்வையாளராக இருந்து பழகிய கண்ணுக்கு இதுதான் மிகக் கஷ்டம்.

சின்னவர்கள் ஆட்டத்தில் அதிகம் வரும் தவறு ஸ்டெப்பிங். விதி எளிது, கண்ணுக்குத்தான் கஷ்டம். ஒரு பிள்ளை ஓடிவந்து பந்தைப் பிடித்து வலக்கால் முதலில் தரையில் ஊன்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஊன்றிய கால். இடக்காலை எங்கே வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். வலக்காலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் தூக்கிய வலக்கால் மறுபடி தரையைத் தொடுவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஊன்றிய காலை இழுக்கக் கூடாது, அந்தக் காலில் நொண்டவும் கூடாது. அதை அச்சாக வைத்துச் சுற்றலாம். இரண்டு காலும் ஒன்றாக ஊன்றினால் எந்தக் காலை முதலில் எடுக்கிறாளோ அதுவல்லாத மற்றது ஊன்றிய கால் ஆகிவிடும்.

கண்ணைப் பழக்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு முறை பந்து பிடிக்கப்படும்போதும் மனதுக்குள் “வலம்” அல்லது “இடம்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒன்பது வயதுப் பிள்ளையின் கால்கள் ‘தட், தட், தட்’ என்று மூன்று சத்தம் போட்டால், மூன்றாவது சத்தத்தில் பந்து இன்னும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தார்த்தரையில் காதும் உதவும். மிகச் சின்னப் பிரிவுகளில் சமநிலைக்காக நின்ற இடத்திலேயே காலை ஓர் அடி நகர்த்தினால் விட்டுவிடச் சொல்லியிருக்கும். விதித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒப்ஸ்ட்ரக்ஷன், அதாவது காப்பவர் மிகக் கிட்ட நின்று தடுப்பது. தூரம் 0.9 மீட்டர். சின்னப் பிரிவுகளில் சில சங்கங்கள் 1.2 மீட்டர் என்று வைத்திருக்கும். பந்து வைத்திருப்பவரின் ஊன்றிய காலிலிருந்து காப்பவரின் கிட்டிய கால்வரை தரையில் அளக்க வேண்டும். கையிலிருந்து கைக்கு இல்லை, மூக்கிலிருந்து மூக்குக்கும் இல்லை. எங்கள் சமையலறைத் தரையில் 30 சென்டிமீட்டர் ஓடுகள். மூன்று ஓடு தள்ளி மகளை நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, ஒரு வாரம் இரவு உணவுக்கு முன் பார்த்துப் பார்த்துப் பழகினேன். நினைத்ததைவிட அது கிட்டத் தெரிகிறது. பெற்றோர் வெளியில் நின்று கத்துவதற்குக் காரணமும் அதுதான்.

உயரமான பிள்ளை காக்கும்போது இது இன்னும் மோசம். ஊரில் வலைப்பந்து என்றால் எல்லோருக்கும் இலங்கை வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம்தான் முதலில் ஞாபகம் வருவார், 2.08 மீட்டர் உயரம். அந்த உயரத்தோடு ஒருவர் சரியான தூரத்தில் நின்று கையை நீட்டினாலும் பந்து அவர் கைக்கடியில்தான் இருக்கும். அது தவறு இல்லை. எங்கள் பிரிவிலும் வகுப்பிலேயே உயரமான பெண் ஒருத்தி ஜிகே (கோல் கீப்பர்) ஆடுவாள். அவளைப் பார்த்தாலே எதிரணிப் பெற்றோர் “தூரம், தூரம்” என்று தொடங்கிவிடுவார்கள். தரையில் காலைப் பாருங்கள், தீர்ப்பு அங்கே இருக்கும். பந்து வைத்திருப்பவளே காப்பவளை நோக்கி அடியெடுத்து வைத்துக் கிட்டப்போனால் அதற்குக் காப்பவள் பொறுப்பில்லை. அளவு முதலில் ஊன்றிய இடத்திலிருந்துதான்.

கான்டாக்ட் என்றால் மேலே படுவதெல்லாம் இல்லை. பட்டதால் மற்றவரின் ஆட்டம் கெட்டதா என்று பாருங்கள். பந்துக்கு ஓடும் இருவர் தோளில் உரசிக்கொள்வது வேறு, பிடிக்கப்போனவளின் கையைத் தட்டிவிடுவது வேறு.

ஓஃப்சைட், அதாவது தனக்கு அனுமதி இல்லாத பகுதிக்குள் போவது, சுலபம், ஏழு பிப்பும் எங்கெங்கே போகலாம் என்பது தெரிந்திருந்தால். ஜிஎஸ் (கோல் ஷூட்டர்), ஜிகே இருவரும் ஒரே ஒரு முனைப்பகுதிக்குள் அடங்கியவர்கள். சி (சென்டர்) எல்லா இடத்துக்கும் போகலாம், இரண்டு கோல் வட்டத்தையும் தவிர. டபிள்யூஏ (விங் அட்டாக்), டபிள்யூடி வட்டத்துக்குள் போகக்கூடாது. ஜிஏ (கோல் அட்டாக்), ஜிடி (கோல் டிஃபென்ஸ்) தங்கள் பக்க வட்டத்துக்குள் போகலாம். கோல் போடுவது ஜிஎஸ்ஸும் ஜிஏயும் மட்டும், அதுவும் வட்டத்துக்குள் இருந்து. கோடு இரண்டு பகுதிக்கும் சொந்தம் என்பதால் கோட்டை மிதித்தால் தவறில்லை, தாண்டி மிதித்தால் தவறு. கோட்டுக்கு அப்பால் காற்றில் கை நீட்டிப் பிடிக்கலாம்.

பந்தை 3 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் ஹெல்ட் போல். சின்னவர்களுக்கு இது கூடலாம். விரல்விட்டு எண்ணாதீர்கள், வேகமாக எண்ணிவிடுவீர்கள். பிறகு, மூன்று பகுதிகளில் ஒன்றை யாரும் தொடாமல் பந்து தாண்டிப்போனால் அதுவும் தவறு. சின்னவர்களுக்கு அவ்வளவு தூரம் எறியப் பலமில்லாததால் இது அபூர்வம்.

ஊதிய பிறகு

விசில், தவறின் பெயர், யார், என்ன தண்டனை, எங்கே. இந்த வரிசை நாக்குக்குப் பழகவேண்டும். “ஸ்டெப்பிங், சிவப்பு சி, ஃப்ரீ பாஸ் நீலம், இங்கே.” கையால் நீல அணி தாக்கும் திசையைக் காட்டுங்கள். வாய் குழம்பினாலும் கை சரியாகக் காட்டினால் ஆட்டம் நகர்ந்துவிடும்.

தண்டனை இரண்டு வகை. ஸ்டெப்பிங், ஓஃப்சைட், ஹெல்ட் போல் போன்றவைக்கு ஃப்ரீ பாஸ். அதிலிருந்து நேராகக் கோல் போட முடியாது. கான்டாக்ட், ஒப்ஸ்ட்ரக்ஷன் இரண்டுக்கும் பெனல்டி பாஸ். வட்டத்துக்குள் என்றால் ஜிஎஸ்ஸோ ஜிஏயோ கோலுக்கும் எறியலாம். தவறு செய்தவர் எறிபவருக்குப் பக்கத்தில், முன்னால் மறைக்காமல் நிற்க வேண்டும். பந்து எறிபவரின் கையை விட்டுப் போகும்வரை அசையவும் கூடாது, பேசவும் கூடாது.

இதைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நீங்கள்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு “ஒப்ஸ்ட்ரக்ஷன், ஜிடி” என்றால் வானத்திலிருந்து விழுந்த வார்த்தை. போன பருவத்தில் ஒருத்தி நான் ஊதியதும் இரண்டு கையையும் இறக்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், உதடு துடிக்கிறது. “நீ நன்றாகத்தான் காக்கிறாய், ஓர் அடி பின்னால் போ, பிறகு கையைத் தூக்கு” என்றேன். அடுத்த முறை பந்து வந்ததும் முதலில் பின்னால் ஒரு பெரிய அடி, என்னை ஒரு பார்வை, பிறகுதான் கை. ஆட்டம் முடியும்வரை ஒவ்வொரு முறையும் அந்தப் பார்வை வந்துகொண்டே இருந்தது.

எல்லாத் தவறுக்கும் ஊத வேண்டியதில்லை. நீலப் பிள்ளையின் கையில் சிவப்புப் பிள்ளை இடித்தும் நீலப் பிள்ளை பந்தைப் பிடித்து அடுத்தவளுக்கு எறிந்துவிட்டாள் என்றால், ஊதி நிறுத்துவது நீலத்துக்குத்தான் நட்டம். “அட்வான்டேஜ்” என்று குரல் கொடுத்துவிட்டு விளையாட விடுங்கள். ஆனால் முதல் சில ஆட்டங்களில் இதில் சிக்கனமாக இருங்கள். யோசித்து முடிப்பதற்குள் பந்து மறுமுனைக்குப் போய்விடும், பிறகு ஊதினால் எல்லோருக்கும் குழப்பம்.

சென்டர் பாஸ் கணக்கு

கோல் யார் போட்டாலும் சென்டர் பாஸ் மாறி மாறித்தான் வரும். சொல்லும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மழைத்தூறலில், இரண்டு நிமிடத்தில் நான்கு கோல் விழுந்த பிறகு, “அடுத்தது யாருடையது?” என்று பதினான்கு பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள். புள்ளித்தாள் எழுதுபவரும் உங்களையே பார்ப்பார். நான் கையில் இரண்டு நிற முடி வளையங்கள் மாட்டிக்கொள்கிறேன், சிவப்பும் நீலமும். அடுத்த பாஸ் யாருடையதோ அந்த நிறம் வலக்கையில். பாஸ் எறிந்ததும் மாற்றிவிடுவேன்.

இன்னொரு பொறி, திசை. ஒவ்வொரு கால்பகுதிக்கும் அணிகள் முனை மாறும், நடுவர்கள் மாற மாட்டார்கள். என் இரண்டாவது ஆட்டத்தில் முதல் கால்பகுதியின் பழக்கத்தில் சிவப்புக்குப் பாஸ் என்று சொல்லிக்கொண்டே நீலத்தின் பக்கம் கையை நீட்டினேன். வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று சொல்ல, இரண்டு அணியும் ஒரே பந்தை நோக்கி ஓடின. அதிலிருந்து ஒவ்வொரு இடைவேளை முடிவிலும் விசில் ஊதுவதற்கு முன் “இனி சிவப்பு என் பக்கம்” என்று எனக்கே கேட்கும்படி சொல்லிக்கொள்வேன்.

விசிலுக்கு முன் ஜிஏ, டபிள்யூஏ, ஜிடி, டபிள்யூடி நால்வரும் நடுப்பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் பிரேக்கிங், எதிரணிக்கு ஃப்ரீ பாஸ். எறிந்த பந்தை நடுப்பகுதிக்குள்ளேயே பிடிக்கவோ தொடவோ வேண்டும். கோல் விழுந்ததும் உங்கள் பாதி என்றால் ஒரு கையை நேராக மேலே தூக்குங்கள்.

வெளியே நிற்கும் பெரியவர்கள்

பிள்ளைகளால் அழுத நடுவரை நான் பார்த்ததில்லை. பெற்றோரால் அழுத 14 வயது நடுவரைப் பார்த்திருக்கிறேன். யாராவது தொடர்ந்து கத்தினால் நீங்கள் பதில் பேச வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். நிறுத்தம் வரும்போது அந்த அணியின் பயிற்றுநரிடமோ மேலாளரிடமோ போய், “உங்கள் பக்கத்தைக் கொஞ்சம் அமைதிப்படுத்துங்கள்” என்று சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சங்கத்தின் அன்றைய பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். ஆட்டத்தை நிறுத்திவைத்துக் கூப்பிட்டாலும் தப்பில்லை. கூட நிற்பது பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் அவள் சார்பாகவும் நீங்களே போங்கள்.

ஒரு தீர்ப்புத் தப்பாகிவிட்டது என்று ஊதிய மறு விநாடியே தெரிந்தால் “என் தவறு” என்று சொல்லித் திருத்திவிடலாம். ஆட்டம் அதைத் தாண்டிப் போய்விட்டால் விட்டுவிடுங்கள். சமன்செய்வதற்காக மறுபக்கம் ஒன்று ஊதாதீர்கள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடிபட்டால், இரத்தம் தெரிந்தால் உடனே ஊதி நேரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கிவிடப் போகாதீர்கள், முதலுதவி தெரிந்தவர் வரட்டும்.

ஆட்டம் முடிந்ததும்

இரு அணியும் கை கொடுத்துக்கொள்ளும். நீங்களும் மற்ற நடுவரோடு கை கொடுங்கள். புள்ளித்தாளில் கூட்டல் சரியா என்று பார்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு வரும் சண்டையில் உங்களுக்கு வேலை இல்லை. காரில் ஏறியதும் அன்றைக்குப் புரியாமல் போன ஒரே ஒரு சம்பவத்தைத் தொலைபேசியில் எழுதிவைத்து, வீட்டில் விதிப்புத்தகத்தில் தேடுங்கள். என் முதல் குறிப்பு இது: “பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்து, எறிந்தவளே பிடித்தாள். சரியா?” சரிதான். கோலுக்கு எறிந்து கம்பத்தில் பட்டு வந்த பந்தை அவளே பிடித்து மறுபடி எறியலாம். நான் அன்றைக்கு ஊதியிருந்தேன்.